எடையில்லாத தூசி

புகை நாள் 6. காலை 8.10. ஏழாம் காற்றரண், வடசென்னை

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு அவமானமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். இதை எடுத்துப் படிப்பவர் நம்பலாம். என் பெயர் மணிமொழி, ஒன்பதாம் வகுப்பு. வெளியே புகை. கதவு கட்டுப்பாட்டு அறையிலிருந்துதான் திறக்கும், புகை விலகும்வரை திறக்காது. உள்ளே நாற்பது பேர் இருக்கிறோம். அம்மா செவிலியர், வேறோர் அரணில் பணியில் இருக்கிறார். தங்கை வேனில் என் பொறுப்பு. நான்கு வயது, இளைப்பு உண்டு.

வெளியிலிருந்து வரும் காற்றின் தூசி முழுவதையும் வடிகட்டி பிடித்துவிடுகிறது. கிருமியைக் கொல்லக் கூரையில் ஊதா விளக்குகள். சுவர்ப் பலகை பச்சையில் ‘சுத்தம்’ என்கிறது. பள்ளி ஆய்வுக்காக நான் வைத்திருக்கும் துகள் எண்ணியும் அதையே சொல்கிறது.

புகை நாள் 7. மதியம் 1.30

காலையில் சிலர் இருமினார்கள். ஒலிபெருக்கியில் கட்டுப்பாட்டு அறைத் தணிகாசலம் அண்ணன் வந்தார்:

“இன்னாப்பா, இருமல் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது? நீலகிரித் தைலம் ரெண்டு கேன் கீது. ஒண்ண காத்துக்குழாயில கலந்து உட்றேன். மூக்கு சும்மா கும்முனு தொறந்துக்கும்.”

எல்லோரும் கைதட்டினோம். மணம் நன்றாக இருந்தது.

இப்போது துகள் எண்ணியின் கணக்கு எகிறிவிட்டது. நேற்றுவரை ஒரு சர்க்கரைக்கட்டி அளவு காற்றில் சில நூறு துகள்கள் இருந்தன. இப்போது லட்சத்துக்கும் மேல். கதவு திறக்கவில்லை. பலகை பச்சை.

புகை நாள் 8. காலை 9.00

கருவியில் பழுதில்லை, சோதித்துவிட்டேன். ஒலிவாங்கியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன்.

“பாப்பா, பலகை பச்சையா கீதா? அப்புறம் இன்னா? உன் பொட்டிய தலைகீழா வெச்சிருப்ப.”

பலகை துகளை எண்ணுவதில்லை, எடை போடுகிறது என்று விளக்கினேன். இந்தத் துகள்கள் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனை லட்சம் இருந்தாலும் முள் அசையாது. ஆனால் நுரையீரலின் அடிவரை போகும்.

“லச்சம் கீதுன்ற, எடை இல்லன்ற. கணக்குல நீ வீக்கா?”

கூடமே சிரித்தது. இருமிக்கொண்டே சிரித்தது.

புகை நாள் 9. காலை 11.20

பள்ளி வானொலியில் ஜெசிந்தா கிடைத்தாள். களக்காட்டு மலை உச்சிக் காற்று ஆய்வு நிலையத்தில் பெற்றோருடன் இருப்பவள், அவளிடமும் இதே எண்ணி இருக்கிறது. என் வரைபடத்தை அனுப்பினேன்.

“ஏட்டி, எங்க மலைக் கணக்கத் திருடி எனக்கே அனுப்புதியா? மழை விட்டு வெயில் அடிச்சா இங்க இதே கோடுதான். மரம் வாசனையா ஒரு ஆவி விடும்லா, வெயில் பட்டா அது மாறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். பழைய தூசி கெடந்தா அதுமேல போயி ஒட்டிக்கிடும். மழை கழுவிட்டுன்னா ஒட்ட எடமில்ல, அதுவே புதுத் துகளா பொறக்கும். ஒங்க ஊர்ல எப்படிட்டி? அங்கதான் தூசி மண்டிக் கெடக்கே!”

இங்கே தூசி இல்லை, ஜெசி. வடிகட்டி கழுவிவிட்டது. தைலம்தான் எங்கள் மரம். ஊதா விளக்குதான் வெயில். நகரத்தின் நடுவில் ஒரு மலையுச்சியைச் செய்து, மூடியும் வைத்துவிட்டோம்.

மாலை 5.15

தைலத்தை நிறுத்துங்கள், விளக்கை அணையுங்கள் என்று கெஞ்சினேன்.

“தைலம் கெடுதின்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா! எங்கம்மா அத்த தடவித்தான் என்னை வளத்துது. இருமல் ஜாஸ்தியாச்சேன்னு ரெண்டாவது கேனையும் இப்பதான் ஊத்தினேன். வெளக்கு என் கைல இல்ல. ஆள் நடமாட்டம் இருந்தா எரியும். அரை மணி யாரும் அசையலன்னா தானா அணையும்.”

ஒலிவாங்கியைக் கீழே அடித்தேன். உடையவில்லை. அதுவும் எரிச்சல்தான்.

புகை நாள் 10. காலை 7.40

வேனிலின் உதடு நீலம். கதவைத் திறக்கச் சொன்னேன்.

“மேல கேட்டுக்கினு கீறேன்மா. பலகை பச்சையா இருக்கச்சொல்லோ யாரு கையெழுத்து போடுவா?”

இப்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை.

மதியம் 2.00

பாய் பாயாகப் போய் எல்லோரையும் அசையாமல் படுக்கச் சொன்னேன். முதல் தடவை ஒருவர் முதுகைச் சொறிந்தார். அடுத்த தடவை ஒரு பாட்டி தும்மினார். அப்புறம் யாரோ, “சின்னப்பொண்ணு பேச்சக் கேட்டு பொணம் மாதிரி படுக்கணுமா?” என்று எழுந்து உட்கார்ந்தார். எண்ணி ஏறிக்கொண்டே போகிறது. அழுதேன். மறைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.

மாலை 5.40

மீண்டும் படுத்திருக்கிறோம். இந்த முறை எல்லோரும். எதிர்த்துப் பேசியவருக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. வேனிலிடம் சிலை விளையாட்டு என்று சொன்னேன். அசைந்தால் அவுட். போர்வைக்குள் விரலை மட்டும் நகர்த்தி எழுதுகிறேன். எழுத்து கோணல்.

அரை மணி ஆகப்போகிறது

யாரும் இருமவில்லை. வேனில் என் தோளில். முதலில் அவள் மூச்சு விசிலடித்தது. இப்போது கேட்கவில்லை. கூப்பிட்டால் அசைவாள். அசைந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து.

அவளுக்கு இவ்வளவு நேரம் சும்மா இருக்கத் தெரியாது.

கை குளிர்ந்

கூப்பிடவா

விளக்குகள் அணைந்தன.