இடது பக்கத்துப் பொறி

தம்பி,

அப்பாவின் துப்பாக்கியை நீயே வைத்துக்கொள். எனக்கென்று ஒன்று செய்யச் சொல்லி, நேற்று வாங்கி வந்துவிட்டேன். வழவழப்பான குழல், குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் அதே பழைய தினுசு. மருந்தைப் பற்றவைக்கும் சிக்கிமுக்கிக் கல் மட்டும் இடது பக்கம்.

சுடும்போதெல்லாம் நான் கண்ணை மூடினால், "அக்காவுக்குப் பயம்டோய்!" என்று நீயும் அப்பாவும் சிரிப்பீர்களே. செய்துகொடுத்த வெண்டல் அதைக் கேட்டுக் கத்தினார்: "இடது கைக்காரி வலது கைத் துப்பாக்கியால சுட்டா நெருப்பு மூஞ்சிலதானே அடிக்கும்? கண்ண மூடாம என்ன பண்ணுவ?"

இன்று கண்ணைத் திறந்தபடியே சுட்டேன். குறி தப்பவில்லை.

அக்டோபரில் கென்டக்கியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கு வா. அப்பாவின் துப்பாக்கிக்கான உன் இரண்டு வருடக் கோபத்தையும் கொண்டு வா. என் இடது பக்கம் மட்டும் நிற்காதே. பொறி இனி அந்தப் பக்கம்தான் பறக்கும்.

உன் அக்கா