பதினைந்துக்குக் கீழே

6 ஏப்ரல், திங்கள்

காலை எட்டு வரை பனிமூட்டம். ஆபீஸ் கூரை ஒழுகல், பக்கெட் வைத்தாயிற்று. மேற்குப் பிரிவின் தேயிலைக் கொழுந்து எடைச் சீட்டில் 412ஐ அடித்து 421 ஆக்கியிருந்தார்கள். பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. திருப்பி அனுப்பினேன். ஒரு நம்பருக்கா இவ்வளவு என்று கங்காணி முனகல். ஒரு நம்பருக்குத்தான்.

மாலை மகள் லோஷினி பள்ளியிலிருந்து பெற்றோர் நிரப்ப வேண்டிய ஒரு பாரம் கொண்டுவந்தாள். சாப்ட்பால். 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அணியில் இவள்தான் பந்து வீசும் முதல் பிட்சர். இப்போது 18 வயதுப் பிரிவுக்கு ஏற்றலாமா என்று பெற்றோர் சம்மதம் கேட்கிறார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு பிரிவுதான். ஏறிவிட்டால் இந்த வருடம் இறங்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில். கீழே பயிற்சியாளர் சாந்தி டீச்சர் கையெழுத்து.

ஏன் இப்போது? படிப்பது ஃபார்ம் டூ, இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் வருடம். அடுத்த வருடம் ஃபார்ம் த்ரீ, அதுவும் பதினைந்துக்குக் கீழ்தான். கேப்டன் ஆகலாம். ஒரு முழு வருடம் கையில் இருக்கும்போது யாருக்கு இந்த அவசரம்?

லோ.விடம் கேட்டேன். டீச்சர் கொடுக்கச் சொன்னார்களாம், அவ்வளவுதான். தட்டில் பாதிச் சோறு மீதம்.

என் பல்லுக்கு டாக்டரிடம் இன்னும் நேரம் வாங்கவில்லை.

7 ஏப்ரல், செவ்வாய்

மூடுபனி இல்லை. வெயில். நம்பக்கூடாது.

பத்தரைக்கு வேலு என் மேசைக்கு வந்தான். எங்கள் சின்னத் துரை, உதவி மேனேஜர். இந்தப் பதவிக்கென்று சொல்லித்தான் சென்ற வருடத் தொடக்கத்தில் என்னைப் பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து மேலே, இந்தத் தேயிலை மலைக்கு மாற்றினார்கள். எனக்குப் பட்டம், பதினான்கு வருட சர்வீஸ். அவனுக்கு டிப்ளோமா, என்னைவிட ஆறு வயது இளையவன். தேயிலை அனுபவம் வேண்டும் என்றார் மேனேஜர். நான் இன்னும் கணக்கெழுதும் கிராணிதான்.

உரச் சீட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, லோஷினி மேல போறாளாமே. நல்லதுதானேலா."

பாரம் வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

யோசிக்க வேண்டியவை:
அவன் மகள் தனுஷா. அதே அணி, அதே வகுப்பு, இரண்டாவது பிட்சர்.
லோ. ஏறினால் தனுஷா முதல் பிட்சர்.
டீச்சருக்கு வேலுவோடு எப்படிப் பழக்கம்?
போன தீபாவளிக்குப் பள்ளிக்கு அவன் அனுப்பிய தேயிலைப் பெட்டிகள்.

அப்பன் என் நாற்காலியை எடுத்துக்கொண்டான். மகளுக்கு என் மகளின் இடம். குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

8 ஏப்ரல், புதன்

மூன்று மணிக்கே கிளம்பி தானா ராத்தா பள்ளித் திடலுக்குப் போனேன். செம்பருத்தி வேலி ஓரம் காரை நிறுத்தி உள்ளேயே இருந்தேன். 18 வயதுப் பெண்களுக்கு எதிராக லோ.வைப் பந்து வீச வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் இவளைவிட ஒரு தலை உயரம். நான்காவது பந்தை ஒருத்தி நேராக அடித்தாள். லோ.வின் முழங்காலுக்குக் கீழே. விழவில்லை. குனிந்து தேய்த்தாள், மறுபடி நின்றாள்.

ஐஸ் பையோடு ஓடிவந்தது தனுஷா. நன்றாக நடிக்கிறாள்.

திரும்பும் வழியில் டீச்சரின் வெள்ளை மைவி கார், வேலு வீட்டு வாசலில். கொழுந்து லோரிகள் நிற்கும் இடத்தில் இருபது நிமிடம் காத்திருந்தேன். டீச்சர் கையில் பையோடு வெளியே வந்தார். தேயிலைத்தூள் பை. போதும், புரிந்துவிட்டது.

மேலே ஏற்றிவிடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறினால் நான்கைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டு. தேறினேன். பள்ளியில் நான் ஒருவன்தான். மாலை போட்டார்கள். அடுத்த நாளிலிருந்து வகுப்பிலேயே குள்ளன், பந்தாட்டத்தில் யாரும் சேர்க்காதவன், அடி வாங்குவதற்கென்று இருப்பவன். தலைமையாசிரியருக்குப் பெயர் கிடைத்தது. அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்படித் தாண்டியவனின் மகள், தமிழ்ப்பள்ளி முடித்ததும் மலாய்மொழி மதிப்பெண் போதாமல் ஒரு வருடம் கூடுதலாகப் பெராலிஹான் என்ற புகுமுக வகுப்பில் உட்கார்ந்தாள். அது கீழே, பீடோரில் நடந்தது. இங்கே வந்தபிறகுதான் ஃபார்ம் ஒன். இங்கே யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு, தனுஷா வயதுதான் என்று சொல்லிவைத்தேன். வீட்டிலும் அந்த வார்த்தை கூடாது.

மனைவி புஷ்பா, திரிங்காப்பில் பூக்கொட்டகை வேலை முடிந்து ஆறரைக்கு வந்தாள். துப்பறியும் வேலை எப்படி என்றாள். வேலி ஓரம் கார் நின்ற செய்தி எனக்கு முன்பே வீடு சேர்ந்திருக்கிறது. பிறகு கேட்டாள்: "டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்க. அவளுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" ஏதோ மேலும் சொல்ல வந்தாள். "அந்த பெராலிஹான் வருஷம்..." என்று தொடங்கினாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

லோ. காலில் முட்டையளவு வீக்கம். மஞ்சள் பற்று.

9 ஏப்ரல், வியாழன்

மழை. கொழுந்து குறைவு. ஆபீசில் நேரம் கிடைத்தது. பள்ளி முதல்வருக்கு மலாயில் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். ‘தகுதியுள்ள ஒரு மாணவியை அவளுக்கு உரிய பிரிவிலிருந்து ஒரு வருடம் முன்னதாகவே அகற்றுவதால் பயனடைவது யார்’ என்று ஒரு வரி. நல்ல வரி.

மாலை லோ. ஸ்டோர் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நொண்டுகிறாள். கடிதம் எழுதுகிறேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அனுப்பாதீங்கப்பா."

ஏன் என்று கேட்டதற்குப் பந்துதான் பதில். இப்படிச் சொல்லச் சொல்லி யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

10 ஏப்ரல், வெள்ளி

அரைநாள் விடுப்பு. சட்டைப்பையில் கடிதம், கையில் கையெழுத்திடாத பாரம். விளையாட்டுச் சாமான் அறையில் சாந்தி டீச்சர். ஈரக் கையுறைகளின் நாற்றம். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கிற பிள்ளைய ஏன் டீச்சர் இப்பவே தள்ளுறீங்க?"

"எந்த வருஷம் சார்?"

கோப்பைத் திறந்து பிறப்புச் சான்றிதழ் நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். விளையாட்டில் ஃபார்ம் கணக்கே கிடையாதாம், பிறந்த வருடம்தான்; பதினைந்து ஆகும் வருடம் முடியும்வரை கீழே ஆடலாம். இந்த வருடம் லோ.வுக்குப் பதினைந்து. அடுத்த வருடம் பதினாறு. ஃபார்ம் த்ரீயில் அவளுக்குக் கீழ்ப் பிரிவே இல்லை. கேப்டன் ஆகப்போகும் அந்த வருடம், நான் ஊருக்குச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்ட வருடம்.

இரண்டு இலக்கம் இடம் மாறியதற்காகச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறவன் நான்.

அப்போதும் விடவில்லை. வேலு வீட்டு வாசலில் கார் நின்றதைக் கேட்டேன். ஈப்போவில் இருக்கும் தன் அம்மாவுக்குத் தேயிலைத்தூள் வாங்கத்தான் அங்கே போனாராம். வேலுவும் போன வாரம் இதே அறைக்கு வந்தானாம். லோஷினி மேலே போகிறாள் என்று தனுஷா சொல்லக் கேட்டு, தன் மகளை மட்டும் ஏன் ஏற்றவில்லை, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று. சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு எங்கோ இருந்தது.

போன வாரமே தனுஷாவுக்குத் தெரிந்திருக்கிறது. பாரம் வந்தது திங்கட்கிழமை. யார் சொன்னது?

"லோஷினிதான் சார். மேல போடுங்கன்னு வந்து கேட்டதும் அவதான். நான் வேணாம்னுதான் சொன்னேன். மூணு தடவ கேட்டா. கால பாத்தீங்கல்ல? இந்த வருஷம் கீழ ஆடினா மாநிலம் வரைக்கும் போலாம். மேல போனா பாதி ஆட்டம் பெஞ்சுதான்."

பிறகு ஏன் கேட்டாள்?

"அத நீங்க வீட்லதான் கேக்கணும் சார்." கோப்பை மூடினார். பதிலுக்கு ஞாயிறு வரை நேரம் தந்தார். கதவுவரை வந்து, நான் மற்ற பெற்றோரிடம் பதினாலு என்று சொன்னபோது தான் திருத்தவில்லை என்றும் சொன்னார். நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கடிதம் இன்னும் சட்டைப்பையில்.

11 ஏப்ரல், சனி

தானா ராத்தா. மருந்துக்கடை, புஷ்பாவுக்குச் செருப்பு, பல் டாக்டர் இல்லை. சுற்றுலா பஸ்களால் நெரிசல். காருக்குள் அரைமணி நேரம் நகரவில்லை. பின்னால் லோ., கால் நீட்டி. கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். ஒரு ஸ்ட்ராபெரி லோரி கடந்துபோனபிறகு சொன்னாள்.

"அடுத்த வருஷம் தனுஷா கீழ ஆடுவா. நான் ஆட முடியாது. ரெண்டு பேரும் ஒரே வயசுதானே, ஏன்னு கேப்பாங்க. இப்பவே மேல போயிட்டா கெட்டிக்காரின்னு நினைச்சுக்குவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

புஷ்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க பதினாலுன்னு சொல்லிட்டீங்கல்லப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, குடை எடுக்கவா என்பதுபோல. அதற்காகத்தான் அந்தப் பந்தைக் காலில் வாங்கி நின்றிருக்கிறாள். ஒரு வாரமாக வேலுவை, டீச்சரை, ஐஸ் கொண்டுவந்த பெண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். பட்டியலில் என் பெயர் இல்லை.

யாருக்கு என்ன தெரிந்தாலும் பரவாயில்லை என்றால் உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். கேட்க எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

"கீழ," என்றாள். உடனே.

12 ஏப்ரல், ஞாயிறு

குளிர். வெளிச்சம் மட்டும் நன்றாக இருந்தது.

காலை வேலு வீட்டுக்கு நடந்தே போனேன். இந்த வீட்டு வாசலை இதுவரை மிதித்ததில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய வீடு. லோ. உடன் வந்தாள், தடுத்தும் கேட்கவில்லை. நின்றபடியே சொன்னேன்: லோஷினிக்கு இந்த வருடம் பதினைந்து, பெராலிஹான் படித்தாள், நான்தான் மாற்றிச் சொன்னேன். இந்த வருடம் கீழேயே ஆடுவாள்.

வேலு கோப்பையை எடுத்து வைத்தான். "ஒரு வருஷம்தானேண்ணே," என்று தேத்தண்ணி ஊற்றினான். கண்ணைத் தூக்கவில்லை. முன்பே தெரியுமோ? தெரிந்துகொண்டே இத்தனை நாள் சும்மா இருந்தானோ? நாளைக்குள் ஆபீஸ் முழுக்கப் போகும். கோலா தெர்லா வரை போகும். போகட்டும்.

உள்ளேயிருந்து தனுஷா குரல்: "அங்கிள், அப்போ இவள இனிமே அக்கான்னா கூப்பிடணும்?"

லோ. சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவை. கூப்பிட்டுத்தான் பாரேன், பந்து முகத்துக்கு வரும் என்றாள். இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள், ஒன்று நொண்டிக்கொண்டு.

தேத்தண்ணி நன்றாக இருந்தது. நம் தூள் இல்லை, வேறு ஏதோ.

வேலுவின் மகளுக்கு இந்த வருடமும் இரண்டாம் இடம்தான். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று எழுதினால் பொய்.

வீட்டில் பாரத்தை நிரப்பினேன். பிரிவு: 15க்குக் கீழ். மாணவி பெயர், வகுப்பு. வயது என்ற இடத்தில் கை தானாக 14 என்று எழுதிவிட்டது. புது பாரத்துக்கு நேரமில்லை. அடித்தேன். 15. பக்கத்தில் சுருக்கொப்பம்.