மனைவி புலம்பலை எழுதியது யார்?

என் அன்பான இஞ்சேருங்கோவுக்கு,

ஒரு நாளும் உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ‘இஞ்சேருங்கோ’ என்றுதான் கூப்பிட்டேன், கடிதத்தை மட்டும் வேறு எப்படித் தொடங்குவேன்? முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. கட்டுரை வந்துவிட்டது! உங்கள் மரணத்தைப் பற்றிய மருத்துவக் கட்டுரை. டொக்டர் இன்று காலை போனுக்கு அனுப்பினார். எழுதியவர்கள் வரிசையில் இரண்டாவது பெயர் என்னுடையது. குசினியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் இருந்த சொதி திரைந்துபோனது. போகட்டும்.

அன்று சாட்டிக் கடற்கரையில் பழைய மாணவர்களோடு கயிறிழுத்தீர்கள். உங்கள் பக்கம்தான் வென்றதாம். சிரித்தபடி மணலில் இருந்த நீங்கள் பிறகு எழும்பவில்லை. நாற்பத்திரண்டு வயது, ஒரு நோய் நொடி இல்லை. ஊர் சும்மா இருக்குமா? என் சாதகத்தில் எட்டில் செவ்வாய் என்றும், அதை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்றும் கதை கட்டினார்கள். உங்கள் அம்மாவும் நம்பினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அது போதாதென்று உங்கள் நினைவுக்கு ஒரு கல்வெட்டு. செத்தவர்களுக்காக முப்பத்தோராம் நாள் நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் அந்தப் புத்தகங்களை வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்தீர்களே. அவற்றில் ‘மனைவி புலம்பல்’ என்று வரும் பாட்டுகளை உண்மையில் எழுதியவர் யார் என்று சொல்சொல்லாக ஒப்பிட்டுத் துப்புத் துலக்குவதுதான் உங்கள் ஆராய்ச்சி. “மடத்துவெளி விதவையும் நாரந்தனை விதவையும் ஒரே எதுகையிலயோ அழுவினம்?” என்று கேட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

உங்கள் கல்வெட்டிலும் நான் புலம்புகிறேன். என் பாழும் சாதகம்தான் உங்களைப் பறித்ததாம். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? சொந்தக்காரர் ஏற்பாடு செய்த புலவர் ஒருவர் சொன்னது அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மேலே என் பெயர் இருக்கிறதே! அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. நீங்கள் இருந்திருந்தால் இரண்டாம் வரியிலேயே அந்தப் புலவரைப் பிடித்திருக்க மாட்டீர்களா?

அந்த நாட்களில்தான் உங்கள் உடலைப் பரிசோதித்த டொக்டர் வீடு தேடி வந்தார். இளம் பெண். பொறுமையாக விளக்கினார். இதயத்துக்கே இரத்தம் கொண்டு போகும் குழாய்களில் ஒன்று உங்களுக்கு மாறிய பக்கத்தில் தொடங்கி, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவால் போயிருக்கிறது. கடுமையாக உடம்பை வருத்தும்போது அது நசுங்கிவிடக்கூடும். மிக அரிது, பிறவியிலேயே உள்ளது. முன்பு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். அது எனக்கு மட்டும்தானே தெரியும்? கடல் நடுவே போகும் பண்ணைப் பாதையில் எதிர்க்காற்றுக்குச் சைக்கிள் மிதித்தால் நெஞ்சு இறுகுகிறது என்பீர்கள், இறங்கி நின்றால் சுகம் என்பீர்கள், வாய்வு என்று சொல்லி உள்ளிப் பூண்டைச் சுட்டுத் தின்பீர்கள். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் அதை இங்கிலீஷில் ஆக்கிக் கட்டுரையில் சேர்த்தார்.

பிறகு அவர் கேட்டார், “அந்தப் பகுதி நீங்கள் எழுதினது. எழுதின ஆளின்ரை பேர் வரத்தானே வேணும்?” எனக்கு உங்கள் குரலைக் கேட்டது போலிருந்தது. இறந்தவரின் பெயரை இப்படியான கட்டுரைகளில் போடமாட்டார்களாம். என் பெயரைப் போட்டால் நீங்கள் யாரென்று தெரிந்துவிடும், சம்மதமா என்றும் கேட்டார். ஊர் முழுக்கத் தெரியட்டும் என்று கையெழுத்து வைத்தேன்.

இன்று அதை மாமிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிய மாமி மெல்லக் கேட்டார், “அப்ப என்ரை வயித்திலேயே அவன் அப்பிடித்தான் வந்தவனோ?”

உண்மையைச் சொன்னால், ஓம் என்று சொல்லிப் பேசாமல் விட்டுவிடலாம் போலிருந்தது. இவ்வளவு காலம் நான் சுமந்ததை அவரும் கொஞ்சம் சுமக்கட்டுமே? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

“ஒருத்தரின்ரை பிழையும் இல்லை, மாமி. உங்களின்ரையும் இல்லை, என்ரையும் இல்லை.”

மாமி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“இதில எது பிள்ளை உன்ரை பேர்?”

காட்டினேன்.

“பக்கத்தில கிடக்கிறது?”

“உங்கடை மகன்ரை.”

நெடுநேரம் பார்த்தார். பிறகு, நான் இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டார். எத்தனை காலத்துக்குப் பிறகு! ஓடிப்போய் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்களுக்காக நான் அழுத அழுகையை இனி நானே எழுதுவேன். என் பெயரில் வேறு எவரையும் அழவிடமாட்டேன்.

உங்கள் மனைவி,
வதனி குகதாசன்