வெள்ளைக் கிராமத்துச் சனிக்கிழமைகள்

அப்பா,

இன்று காலை நம் அடுக்ககத்தின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பெயின்ட் இல்லை, பழைய மாதிரி நீற்றின சுண்ணாம்பு. அந்த ஈர வாசனை சமையலறை ஜன்னல் வழியாக வந்தபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கிரனாடாவிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸும், ஜன்னல் ஓரத்தில் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நீயும், வளைவு திரும்பியதும் சட்டென்று தெரியும் வெள்ளை வீடுகளும் கண்முன்னால் வந்துவிட்டன. கேஸை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உனக்கு எழுத இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா போன மறு வருஷம் நீ ஸ்பெயினுக்கு வந்தாய். எனக்கு அங்கே கிரனாடா நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. உனக்கு மூன்று மாத விசா. முதல் வாரம் ஊரிலிருக்கிற பெரிய அரண்மனையைக் காட்டினேன். அரைமணி நேரத்தில் “நன்னாருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினாய். இந்த மனிதரை வைத்துக்கொண்டு மூன்று மாதம் என்ன செய்யப்போகிறோம் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை, எங்காவது காற்று வாங்கலாம் என்று, பனிமலையின் தெற்குச் சரிவில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ நின்றுவிட்டாய்.

“சத்தம் கேக்கறதா?”

“என்ன சத்தம்?”

“தண்ணி. எங்கேயோ ஓடிண்டிருக்கு. மோட்டார் சத்தமே இல்லையேடி!”

நாற்பது வருஷம் சென்னைத் தெருக்களுக்கு அடியில் குடிநீர்க் குழாய் பதித்த பொறியாளர் நீ. வேறு யாருக்கும் அந்தச் சத்தம் முதலில் காதில் விழுந்திருக்காது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அங்கே வாழ்ந்த முஸ்லிம்கள் வெட்டிய வாய்க்கால்கள் அவை. பனி உருகும் தண்ணீரை மலையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முறை வைத்து வயலுக்கு வயல் பிரித்துக் கொடுக்கின்றன. இன்றைக்கும் கிராமத்தார் கூடி அவற்றைத் தூர்வாருகிறார்கள். வெட்டியவர்களை அந்த மலையை விட்டே விரட்டிவிட்டார்கள் என்று நான் சொன்னபோது, நீ குனிந்து அந்தத் தண்ணீரில் கையை நனைத்தாய். பிறகு, “மனுஷாளத் துரத்திட்டா. அவா வெட்டின வாய்க்காலை மட்டும் வெச்சிண்டிருக்கா” என்றாய்.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் மலைதான். பெரும்பாலும் வாரம் ஒரு கிராமம், நடுநடுவே அந்த முதல் கிராமம். மேல்வீட்டு அறை தெருவின் மேலேயே பாலம் போல நீண்டிருக்கும் சந்துகள், சாம்பல் நிறக் களிமண் பூசின தட்டைக் கூரைகள், தொப்பி வைத்த புகைபோக்கிகள், பெண்கள் வரிசையாக நின்று துணி துவைத்த கல்தொட்டிகள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாய். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, பிள்ளைகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். உனக்கு ஸ்பானிஷில் தண்ணீர் என்று பொருள்படும் ‘அகுவா’ என்கிற ஒரு வார்த்தைதான் தெரியும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டே ஊர் முழுக்கச் சிநேகம் பிடித்தாய். முதல் கிராமத்து வாய்க்காலைக் காவல் காக்கும் மத்தேயோவும் நீயும் மண்ணில் குச்சியால் கோடு போட்டு மணிக்கணக்காகப் பேசுவீர்கள். அவர் ஸ்பானிஷில், நீ தமிழில். அங்கேயே சாப்பாட்டு விடுதி நடத்தும் பிலார் உனக்காகவே முட்டை போடாமல் உருளைக்கிழங்கு வதக்கித் தருவாள். அம்மா போன பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

ஒன்பதாவது சனிக்கிழமை. மத்தேயோவின் கிராமத்துக்கே திரும்பப் போயிருந்தோம். நான் பிலாரின் விடுதியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். “ரெண்டு நிமிஷம், வாய்க்காலைப் பாத்துட்டு வரேன்” என்று போனாய். ஒரு மணி நேரமாயிற்று, நீ வரவில்லை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. நான் சந்து சந்தாக ஓடி அப்பா அப்பா என்று கத்தினேன். பிலார் சர்ச்சுக்கு ஓடிப்போய் மணியை அடித்தாள். அந்தச் சின்ன ஊரில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் ரொட்டி மாவு அப்படியே ஒட்டியிருந்தது. தடி ஊன்றிய கிழவர்கள்கூடச் சரிவில் இறங்கினார்கள்.

மத்தேயோதான் உன்னைக் கண்டுபிடித்தார். வாய்க்கால் ஓரத்தில், ஒரு காலில் ஷூ இல்லாமல், நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். அவர் தோளில் சாய்ந்தபடி நீ சதுக்கத்துக்கு வந்தபோது ஊரே கை தட்டியது. நான் என்ன செய்தேன்? அத்தனை பேருக்கும் நடுவில் உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

“சொல்லாம போகாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? குழந்தையா நீ? உன்னால என் மானமே போறது!”

பாஷை தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் புரிந்தது. கைதட்டல் நின்றது. நீ தலையைக் குனிந்துகொண்டு, “வழி மறந்துபோச்சுடி” என்றாய்.

வாய்க்காலிலிருந்து விடுதிக்கு ஒரே நேர்வழிதான், அப்பா. அது மறந்துபோகுமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? சாக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மிச்சமிருந்த மூன்று சனிக்கிழமைகளும் எனக்கு வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். நீ ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. விசா முடிந்ததும் தனியாக மயிலாப்பூர் திரும்பினாய்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் போனில் மட்டும் பேசினோம். “சௌக்கியமா இருக்கேன்” என்றுதான் எப்போதும் சொல்வாய். பக்கத்து வீட்டு ஆயிஷாம்மாதான் ஒரு நாள் கூப்பிட்டார். “கண்ணு, நீ வந்துடு. கேஸைத் தொறந்துவுட்டு பத்த வைக்க மறந்துட்டாரு. நேத்து என் ஊட்டுக்கு வந்து இது என் ஊடுன்னு உக்காந்துக்கினாரு” என்றார். வேலையை விட்டுவிட்டு வந்தேன். மறதி நோய் என்றார் டாக்டர். எத்தனை நாளாக என்று கேட்டார். எனக்குப் பனிமூட்டமும் ஒற்றை ஷூவும்தான் ஞாபகம் வந்தன.

சனிக்கிழமை மட்டும் உனக்கு எப்படியோ தெரிந்துவிடும். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் வந்து நிற்பாய். “மலைக்குப் போற பஸ் எத்தனை மணிக்கு?” நான் டிபன் சாப்பிடலாம் என்று பேச்சை மாற்றுவேன். அந்தக் கடைசிச் சனிக்கிழமை, வீட்டிலிருந்தபடி செய்யும் புது வேலைக்காக எனக்கு ஆன்லைனில் ஒரு கூட்டம். கதவைத் தாழ் போட்டதாகத்தான் நினைத்தேன். இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது.

மந்தைவெளி, அடையாறு, திருவான்மியூர் பஸ் நிலையம். உன் போட்டோவை நீட்டிக்கொண்டு ஓடினேன். ஓர் ஆட்டோக்காரர் நான் பேசி முடிப்பதற்குள், “ஏறும்மா. எங்க தேடணுமோ சொல்லு, போய்க்கினே இருப்போம்” என்றார். சாயங்காலம்வரை என்னோடு சுற்றினார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். பிலார் அடித்தது போல அடிக்க அங்கே எனக்கு ஒரு மணி இல்லை. மறுநாளும் நீ கிடைக்கவில்லை. கபாலீஸ்வரர் குளப்படியில் உட்கார்ந்து, திரும்பக் கிடைத்தால் ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டேன், உயிரோடு கொடு என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை அதே ஆட்டோக்காரர் போன் செய்தார். “யம்மா, உங்க நைனா கெடச்சிட்டாரு. சைதாப்பேட்டைல கீறாரு. உசுரு கீது, சீக்கிரம் வா!”

அடையாற்றின் கரையில் நீ விழுந்து கிடந்ததைப் பார்த்து ஒரு தையல்காரர் குடும்பம் உன்னைத் தூக்கி வந்திருந்தது. அந்த வீட்டு அம்மா உன் பாதத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் செருப்பில்லை, கொப்புளம். “எங்க எங்க சுத்துனாரோ தெர்லம்மா. இந்தத் தண்ணி எங்கேந்து வருதுன்னே கேட்டுக்கினு கீறாரு” என்றார். ஆறு பிறக்கும் இடத்தைத் தேடி நடந்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. ஏழாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கை கூப்பினாய். என்னைப் பிலார் என்று நினைத்துக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது.

“உங்காத்துச் சாப்பாடு நன்னாருந்தது. ஒரு உபகாரம் பண்ணணும். நான் வழி தவறினதை என் பொண்ணுகிட்ட சொல்லாதீங்கோ. அவ கோவிச்சுப்பா.”

“உங்க பொண்ணு கோவிச்சுக்க மாட்டா” என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ பேசவில்லை. இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் லஸ் முனையில் மருந்துக் கடைக்குப் போனேன். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “ரோட்ல இப்டியா ஓடுவ? அறிவில்ல உனுக்கு?” என்று கத்தினாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

“கத்தாதீங்க. தயவுசெஞ்சு கத்தாதீங்க.”

“யாரும்மா நீ? இன்னா வோணும் உனுக்கு?”

நடுத்தெருவில் நின்று அழுதேன். அந்தப் பெரியவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

“அழாதம்மா. எம் பொண்ணு தங்கம். பயந்துக்கினா இப்டித்தான் கத்துவா. எனுக்குத் தெரியாதா?”

மருந்து வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது எங்கே போனாலும் சுமந்துகொண்டு திரிகிறேன். அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் தலை குனிந்து நின்றபோது, நான் பயந்துபோய்த்தான் கத்தினேன் என்று உனக்கும் தெரிந்திருந்ததா, அப்பா? ஆமாம் என்று சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை.