சும்மா சொன்ன ஓம்

1969 மார்கழி, செவ்வாய் இரவு

மாமா தன் கூட்டாளியின் பழைய ஜீப்பை விலைபேச இன்று சம்பூருக்கே கொண்டுவந்துவிட்டார். என் மனைவிக்குத் தையில் பிள்ளைப்பேறு. இந்தச் சேற்றுப் பாதையால் மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போக, நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வேண்டும். கூட்டாளி வயலுக்குள் ஓட்டிக் காட்டினார். பின்சில்லுகள்தான் சுழன்றன. முன்சில்லுகள் இழுக்கவே இல்லை. நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு, மாமாவின் கதைக்குத் தலையாட்டி "ஓம், ஓம்" போட்டேன். என் வாயைத் தைக்கவேண்டும்.

"மருமகனுக்குப் பிடிச்சிட்டுது" என்று மாமா கூட்டாளியின் கையைப் பிடித்தார்.

"மாமா, நான் சும்மா ஓம் எண்டனான்."

"வாக்குக் குடுத்திட்டன் தம்பி. இனி மாத்த ஏலாது."

ஜீப் முற்றத்தில் நிற்கிறது. மழை வலுக்கிறது.

"நல்ல வாகனமோ?" என்று மனைவி இப்போது பாயில் கிடந்தபடி கேட்கிறாள்.

"ஓம்" என்றேன்.