பெட்டிக்கு இடப்பக்கம் ஓர் இடம்

உன் மவுஸில் இன்னும் தைல வாசனை போகவில்லை. இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். கையை வைத்ததும் கோடாலித் தைலம் மூக்கில் ஏறியது. தலைவலி என்று நெற்றியில் தேய்த்துவிட்டு அதே விரலால் மவுஸைப் பிடிப்பாயே, அந்த வாசனைதான். ஈரத்துணியால் துடைக்கலாம் என்று எழுந்து, துடைக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அதைத் தொடங்கப் பயமாக இருப்பதால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

நாம் பழகியது தேரூர் குளத்தங்கரையில் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சுசீந்திரத்தில் கூட்டுறவு வங்கிக் கணக்கர். ஞாயிறானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொக்கு பார்க்கப் போகிறவள். நீ கல்ஃபில் நர்ஸாக இருந்து ஊர் திரும்பியவள். மணவாளக்குறிச்சிக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு, கழுத்தில் என்னுடையதைவிட நல்ல கேமரா. எனக்கு முன்னால் போய் நின்று என் மீன்கொத்தியை விரட்டிவிட்டாய். நான் திட்டினேன். நீயும் விடவில்லை. அந்தச் சண்டை முடியும்போது உன் பிளாஸ்க் டீயை நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுக்கத் தெரிந்த அளவுக்கு நம் இருவருக்கும் அதைத் திருத்தத் தெரியாது. யாரோ முகம் தெரியாத பையன் யூட்யூபில் சொல்லிக்கொடுக்க, உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் கற்றுக்கொண்டோம். அவன் வேகத்துக்கு நம் கை ஓடாது. நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். லேயர் என்றால் என்ன என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது மாதிரி என்று நீ சொன்ன பிறகுதான் பிடிபட்டது. ஆடிப்போன படங்களை நான் எறிய மனமில்லாமல் சேர்த்து வைப்பேன். கூர்மையாக்கினால் சரியாகிவிடும் என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவேன். நீ தாட்சண்யமே இல்லாமல் குப்பையில் போடுவாய். “ஆடின படம் ஆடினதுதாண்டி. அதெ வச்சிட்டு அழாத, தூரப் போடு” என்பாய்.

உன் ஊர்க் கடற்கரையை நான் முதன்முதலில் எடுத்த படம் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்து பார்த்தால் மணல் கன்னங்கரேலென்று இருந்தது. வெயில் தப்பாக விழுந்துவிட்டது, நிறம் கெட்டுவிட்டது என்று நினைத்து, பொறுமையாக உட்கார்ந்து மொத்தக் கரையையும் மஞ்சளாக்கிப் பெருமையோடு உனக்கு அனுப்பினேன். போனில் நீ சிரித்த சிரிப்பு! சிரித்து முடித்ததும் குரல் மாறியது. “ஏட்டி, எங்க மண்ணு கறுப்பாக்கும். அதுக்குள்ளதான் செத்துப்போன எங்க ஆளுங்க கெடக்குதாவ. ஆளு வேணும்னா படத்துல சேத்துக்கோ. மண்ணுக்க நெறத்தெ மாத்தப்பிடாது” என்றாய். கறுப்பு மணலைப் பிறகு எத்தனையோ முறை மிதித்தும், ஆளைச் சேர்க்கலாம் என்று நீ சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நீயோ படங்களில் ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருந்தாய். உங்கள் ஊரில் சாவு என்றால், அடக்கத்துக்கு எடுக்கும் முன் முற்றத்தில் சவப்பெட்டியைத் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்து வைத்து, வீட்டார் எல்லாரும் அதன்மேல் கையை வைத்தபடி சுற்றி நிற்க ஒரு படம் எடுப்பார்கள். அந்தப் படம் மாதா படத்துக்குக் கீழே சுவரில் ஏறிவிடும். கல்ஃபிலோ கப்பலிலோ இருப்பவன் வர முடியாமல் போனால், அவனையும் படத்துக்குள் நிறுத்தித் தரச் சொல்லி உன்னிடம் வருவார்கள். அடுத்த தெருக்காரர் மகனை நீ அப்படி நிறுத்தியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவனுக்குக் கிடைத்தது ஒரே படம், அதுவும் கல்யாண வீட்டில் எடுத்தது. அப்பாவின் பெட்டியருகே அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். வாயை மூட நாம் படாத பாடு பட்டோம். மூடினால் அது வேறு யாரோவாக இருந்தது. கடைசியில் சிரித்தபடியே கொடுத்தனுப்பினாய். அந்த வீட்டில் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இது பொய், வராதவனை வந்ததாகக் காட்டுவது செத்தவரை ஏமாற்றுவது என்று கத்தினேன். நீ எழுந்து போய்ச் சுவரில் இருந்த உன் அம்மாவின் பெட்டிப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாய். படத்தில் உன் அண்ணன்மார், அக்கா, மதினி எல்லாரும் நின்றார்கள்.

“எங்கம்மைக்க படத்துல நான் இல்லட்டி. அண்ணைக்கு எனக்கு அங்க டூட்டி. வந்தவங்களுக்கு மனசுல ஓர்மை இருக்கும். வராதவளுக்குத்தான் படம் வேணும்.”

இதையெல்லாம் நீ கற்றுக்கொள்ளத் தொடங்கியதே அந்தப் படத்துக்குள் உன்னை நிறுத்தத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பலமுறை முயன்றாயாம். உன் அந்த வயதுப் படங்கள் எல்லாம் ஆஸ்பத்திரி டியூப் லைட்டில் எடுத்தவை. முற்றத்து வெயிலோடு ஒட்டவேயில்லை. “வெளிச்சம் சேரல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு அதைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினாய். 

பிறகு உனக்கு நோய் வந்தது. நர்ஸாக இருந்தவளுக்கு யாரும் எதையும் மறைக்க முடியாது. டாக்டர் சொல்லும் முன்பே உனக்குத் தெரிந்திருந்தது. மகள் ஷெர்லின், நீ இருந்த அதே கல்ஃபில் நர்ஸ், அந்த வருஷத்து லீவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். லீவு முடிந்ததும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். இந்த வேலையை விட்டால் மறுபடி கிடைக்காது என்று அவளைப் பிடித்துத் தள்ளி அனுப்பியது நீதான். அவளுக்கு அது இன்னும் ஆறவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். படுத்திருந்த நீ திடீரென்று கேமராவைக் கேட்டாய். வெள்ளைச் சுடிதார் போட்டு, துப்பட்டாவைத் தலையில் இட்டு வரச் சொன்னாய். மேற்கு ஜன்னல் ஓரம், வெறும் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தாய். நிழல் விழுந்த பக்கத்தைத் தெளிவாக்க நான் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்தேன். எடுத்துவிடச் சொன்னாய். நிழல் இருக்கட்டும் என்றாய். அவள் எப்போதும் போலச் சிரித்தாள்.

“சிரிக்காத மக்களே. கட்டிலெப் பாரு” என்று மகளிடம் சொன்னாய்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஊருக்குப் போகிற பிள்ளையை இப்படியா எடுப்பது, எழவு வீட்டில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறாள் என்று சொன்னேன். நீ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெட்டி எடுக்க எளுப்பமா இருக்கணும்” என்றாய். சும்மா ஏதோ பயிற்சிக்கு எடுக்கிறாய் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று படம் எடுப்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது.

நீ போனபோது உன்னைக் குளிர்பெட்டியில் வைத்து அவளுக்காகக் காத்திருந்தோம். இன்று கிளம்புகிறாள், நாளை கிளம்புகிறாள் என்றார்கள். பாஸ்போர்ட் அங்கே ஆபீஸில் மாட்டிக்கொண்டது. பங்குச் சாமியார் இனியும் தள்ள வேண்டாம் என்றார். வழக்கம் போல நாலு மணிக்கு முற்றத்தில் பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். ஸ்டுடியோக்காரர் நாற்காலிமேல் ஏறினார். நான் வீட்டாள் இல்லை என்பதால் ஓரத்தில் ஒதுங்கி நின்று, என் போனை உன் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தேன். போனுக்குள் ஷெர்லின் இருந்தாள். அவளுக்குக் குரல் போய்விட்டிருந்தது. கை வலித்தது, நான் இறக்கவில்லை. படத்தில் என் உருவம் விழவில்லை. இடப்பக்க ஓரத்தில் ஒரு கையும் அதில் ஒரு போனும் மட்டும் விழுந்திருந்தன.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரர் லேப்டாப்பையும் மவுஸையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத மனுஷன், அன்று என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தங்கச்சி, அந்தக் கையெயும் போனெயும் எடுத்திட்டு அங்க பிள்ளையெ நிறுத்திரு. அவ இல்லாம இதெச் செவத்துல மாட்ட மாட்டேன்.”

நான் ஷெர்லினைக் கேட்காமல் செய்வதாக இல்லை. கூப்பிட்டுச் சொன்னேன். 

“நான் அங்க நிக்கல்ல ஆன்ட்டி. அந்தப் போனுக்குள்ள தான் இருந்தேன். நிக்காத எடத்துல என்னெ நிறுத்தாதீங்க.”

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். பொய் என்று அன்று நான் கத்தியதைத்தான் அவள் மெதுவாகச் சொன்னாள். உன் வீட்டுக்கார அண்ணனோ ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்ணி ஆயிற்றா என்று கேட்டார். வெற்றுச் சுவரில் ஆணியும் அடித்து வைத்திருந்தார். நான் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தேன். கடைசியில், இதற்கு வைக்கிற மாதிரி படமே இல்லை என்று அவரிடம் சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் உன் லேப்டாப்பைத் திறந்து மகள் படங்களைத் தேடினேன். சின்ன வயதில் சர்ச்சில் எடுத்த குர்பானாப் படம், கல்லூரிப் படம், எல்லாவற்றிலும் சிரிப்பு. அப்புறம் அந்த ஜன்னலோரப் படம் வந்தது.

வெள்ளைச் சுடிதார். பின்னால் வெறும் சுவர். கடல் பக்கத்திலிருந்து வந்த நாலு மணி வெயில். கண் கீழே, கட்டிலை, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன் பெட்டிப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெளிச்சம் ஒரே பக்கம், நிழல் ஒரே பக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். உன் சாவுக்கு நீயே பிள்ளையை நிற்க வைத்து எடுத்திருக்கிறாய். என்னைத் தெர்மாகோல் பிடிக்க வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாவி? லேப்டாப்பை மூடிவிட்டு, அடுப்படியில் கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அழுகை அங்கேதான் வந்தது.

செய்தேன். உன் மகள் சொன்னதை மீறித்தான் செய்தேன். நீ இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. என் கையையும் போனையும் அழித்தேன். பின்னால் இருந்த தென்னையின் அடிமரத்தை அந்த இடத்துக்கு இழுத்தேன். ஷெர்லினை வெட்டி எடுத்து வைத்தேன். நீ சொன்ன மாதிரியே எளிதாக வந்தது. தலைமயிர் ஓரம்கூடப் பிசிறவில்லை. அண்ணன் வாங்கிப் பார்த்தார். விரலால் அவள் தலைமேல் தடவினார். அன்றே மாட்டிவிட்டார்.

போன வாரம் உன் ஆண்டுப் பூசைக்கு ஷெர்லின் வந்தாள். நான் அவள் முன்னால் போகாமல் பந்தலிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகு அவளே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். படத்தின் முன் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது, இதைக் கம்ப்யூட்டரில் பார்க்க முடியுமா என்று.

கூடவே கொண்டுபோயிருந்த உன் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். லேயர் பக்கத்தில் கண் மாதிரி ஒரு குறி இருக்குமே, அதை அழுத்தினால் அவள் மறைவாள், தென்னை மட்டும் நிற்கும். மறுபடி அழுத்தினால் வருவாள். மவுஸை என் கையிலிருந்து வாங்கி அவளே அழுத்திக்கொண்டிருந்தாள். மறைந்தாள், வந்தாள், மறைந்தாள், வந்தாள். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். “அண்ணைக்கு அம்மா கட்டிலெப் பாருன்னுதான் சொன்னாவ. நான் அம்மாவெத்தான் பாத்தேன்” என்றாள். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் தேற்றவில்லை. என்னத்தைச் சொல்லித் தேற்றுவது?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி திரையைப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்ற அன்று அவள் கைகளை முன்னால் கோத்திருந்தாள். படத்திலும் அப்படியே. நிழலைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, எல்லாவற்றையும் யோசித்த உனக்கும் அது தோன்றாமல் போயிருக்கிறது.

“எல்லாரும் பெட்டி மேல கை வச்சிருக்காங்க ஆன்ட்டி. எனக்க கையெயும் வச்சிருவீங்களா?”

நாலு மணி வரைக்கும் இருந்தோம். உன் கட்டிலின் மரச்சட்டத்தில் வெள்ளைத் துணி விரித்து, மேற்கு ஜன்னல் வெயிலில் அவள் வலக்கையை வைத்தாள். உன் கேமராவில்தான் எடுத்தேன். ஒன்றுதான் எடுக்க முடிந்தது. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். நேற்று அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இப்போது எந்த வீட்டு முற்றத்துக்குப் போனாலும் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, யார் எங்கே நிற்க வேண்டிவரும் என்று கண் தானாகக் கணக்குப் போடுகிறது. கல்யாண வீட்டில்கூட அப்படித்தான். இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஷெர்லினின் கையைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தாயிற்று. உன் பெட்டியின் விளிம்பில் சரியாகப் பொருந்துகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் விரல்கள் ஆடியிருப்பது தெரிகிறது. நடுக்கம். நீயாக இருந்தால் தூரப் போட்டிருப்பாய். நான் இந்த முறை கூர்மையாக்கவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை. ஆடினபடியே உன்மேல் வைத்திருக்கிறேன்.