வளருவாய் என்று வாங்கிய மட்டைகள்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம், பேச்சுக்குச் சொல்லவில்லை, என் முழங்கை வலிகூடப் போய்விட்டது, அது எப்படிப் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொன்னால் ஆகாதா என்று அப்பா கேட்டார். கோல்ஃப் என்று வாயைத் திறந்தாலே அடுப்பில் பால் பொங்குகிறது என்று நீ வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதே. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. தையல் கடையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது, பட்டன் தைக்கிற புது மெஷின் வந்திருக்கிறது, சத்தம்தான் அதிகம். உன் தம்பி வாரம் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறான், இளைத்துவிட்டான், என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான், உன்னிடம் சொல்லுவான், கேள்.

நாளெல்லாம் மெஷினில் குனிந்தே இருக்கிறீர்கள், கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்னதும், சும்மா நடக்கச் சோம்பேறித்தனப்பட்டு நான் கோல்ஃப் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தது உனக்குத் தெரியும். பரணில் கிடந்த உன் மட்டைகளைத்தான் எடுத்துப்போனேன் என்பதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை, கோபப்படுவாயோ என்று பயம். நாலு மாதம் ஆடினேன். அடித்த பந்தெல்லாம் இடது பக்கமே போயிற்று. அப்பா ட்ராலியை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே இடது ஓரத்து மரத்தடியில் போய் நின்றுகொள்வார், எப்படியும் இங்கேதானே வரப்போகிறது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் பந்தும் அங்கேதான் போகும். முழங்கை வீங்கி, கத்தரி பிடிக்க முடியாமல் போனபோது விட்டுவிடலாம் என்றே இருந்தேன். விடுவதற்கு முன்னால் ஒரு தடவை அளவுக்காரரைப் பாருங்கள் என்று கூட ஆடுகிற ஒரு டீச்சர் சொன்னார். மைதானத்துக்குப் பின்னால் மட்டை பழுதுபார்க்கிறவருக்கு அங்கே அதுதான் பெயர்.

ஷட்டர் போட்ட சின்ன அறை, ஒரு மேஜை, சுவரோரம் வரிசையாக மட்டைத் தண்டுகள், பந்து தடுக்க ஒரு வலை. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு ஒருவர் அளவெடுத்தபோது கூச்சமாகப் போய்விட்டது. ஷூவோடு நேராக நிற்கச் சொல்லி மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப்பு பிடித்தார், உள்ளங்கையை அளந்தார், விரலை அளந்தார். மட்டையின் அடியில் பிளாஸ்திரி மாதிரி ஒரு பட்டையை ஒட்டி, பலகைமேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். மட்டை எங்கே உரசுகிறது என்று பட்டையில் தடம் விழுந்துவிடுகிறது. நடுவில் விழ வேண்டியது, எனக்குத் தண்டை ஒட்டின ஓரத்தில் விழுந்திருந்தது. மட்டை உங்களுக்கு நீளம், அதனால் நுனி தூக்கிக்கொள்கிறது, பந்து இடது பக்கம் ஓடுகிறது, அதை இழுத்துப் பிடிக்க நீங்கள் முழங்கையை முறுக்குகிறீர்கள் என்றார். இவ்வளவுதானா என்றேன். இவ்வளவுதான் என்றார். தண்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டினார், தலையின் சாய்வைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்தார், தடித்த கைப்பிடியை எடுத்துவிட்டு மெல்லியதாகப் போட்டார். பத்து நாளில் வலி குறைந்தது. பந்து நேராகப் போகிறது, முன்னைவிடத் தூரமும் போகிறது. அப்பா பழக்கதோஷத்தில் இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறார்.

இதெல்லாம் நல்ல செய்தி, இனிமேல்தான் நான் எழுத வந்தது. பழைய கைப்பிடியை அறுக்கும்போது அதன் மேல்முனையில் சுற்றியிருந்த சிவப்பு நூலைக் காட்டி இது என்ன என்று அவர் கேட்டார். என் கடை நூல்தான், நான் சுற்றியதுதான். நீ எப்போதும் கைப்பிடியில் மூன்று விரல் கீழே இறக்கித்தான் பிடிப்பாய். ஒழுங்காக மேலே பிடிக்கச் சொல்லுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார், முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவர், அவரும் நின்று பார்த்திருக்கமாட்டார். நான் நூலைச் சுற்றி, இதை விட்டுக் கை இறங்கக்கூடாது என்றேன், இறங்கினால் திட்டினேன். பன்னிரண்டு வயதில் உனக்குப் பெரியவர்கள் ஆடுகிற மட்டைகளை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி மடித்துவிட்டுத் தைக்கிற புத்தி எனக்கு, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். துணியை மடிக்கலாம், இரும்புத் தண்டை எங்கே மடிப்பது. நீயும் வளராமல் என் உயரத்திலேயே நின்றுவிட்டாய்.

அவர் மட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பந்து படுகிற முகப்பில் ஒரு தேய்மானம், சட்டைப் பொத்தான் அளவுதான். சுற்றிலும் சிதறிக் கிடந்த புதுக் கீறல்கள் எல்லாம் என்னுடையவை. “யாருங்க இதுல ஆடினது? எத்தனை ஆயிரம் பந்து அடிச்சிருக்கும், எல்லாம் ஒரே இடத்துல பட்டிருக்கு. இப்படி ஒரு கை லேசுல அமையாதுங்க” என்றார். என் மகள்தான் என்று சொல்லி நூல் சுற்றிய கதையையும் சொன்னேன். “கீழ இறக்கிப் பிடிச்சது தப்பே இல்ல, மட்டை நீளம்னு அந்தப் பொண்ணோட கைக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். அணித் தேர்வு அன்று நூல்வரை ஏற்றிப் பிடித்து நீ அடித்த மூன்று பந்தும் இடது பக்கக் குளத்தில் விழுந்ததும், திரும்பி வரும்போது காரில் நான் உன்னிடம் “உனக்கு இது வராது, விட்டுடு” என்றதும் அந்த அறையில் நின்றபோதே ஞாபகம் வந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. பதினாறு வயதில் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய். ஊரில் யாருக்கும் அரை அங்குலம் பிசகாமல் தைத்துக் கொடுத்தவள், பெற்ற பெண்ணுக்கு அளவு பார்க்கவில்லை. தப்பு என்மேல்தான். என்னை மன்னித்துவிடு கண்ணு.

போன வாரம் நீ சின்னக்குட்டியைப் பற்றிச் சொன்னாய். ஆசைப்பட்டு வகுப்பில் சேர்ந்தாள், பந்து கண்டபடி போகிறது, நம் குடும்பத்துக்கே இது வராது, இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறேன் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது நீ சொன்னதில்லை, காரில் நான் சொன்னது. நிறுத்தாதே. பக்கத்து வீட்டுப் பையன் ஆடிவிட்டுக் கொடுத்த மட்டை என்றாயே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். அளவு பார்க்கிறவர் அங்கே கட்டாயம் இருப்பார், கூட்டிக்கொண்டு போ. ஷூவோடு நிற்கவை, தோளைத் தூக்கவிடாதே, அளவெடுக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் மூச்சை இழுத்து உயரம் காட்டும். வளருவாள் என்று ஒரு விரற்கடைகூட அதிகம் வாங்காதே, வளர்ந்தபிறகு வேறு வாங்கிக்கொள்ளலாம். சரியான மட்டையில் ஆடியும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் விடட்டும், அது அவள் பாடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு, போட்டேன் என்று பொய் சொல்லாதே. அப்பாவும் நானும் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று மனதார ஆசீர்வதிக்கிறோம். இன்னும் ஒன்றே ஒன்று. குட்டிக்கு அளந்து முடித்ததும் கிளம்பிவிடாதே, நீயும் போய் நில். முப்பத்தெட்டு வயதாகிறது, இனி நீ வளரப்போவதில்லை, எடுக்கிற அளவு உனக்குச் சரியாகவே இருக்கும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா